சாய்ந்து தாங்கும் குண்டுகள்

மிதிவண்டிக் கடையில் முன்சக்கரத்தைக் கழற்றி மீண்டும் பூட்டும் காட்சியைப் பலரும் கண்டிருப்பர். அச்சுத்தண்டின் இருமுனைகளிலும் திருகப்படும் கூம்பு வடிவத் துண்டைக் கடைக்காரர் ‘கோன்’ என்பார். சக்கரக் குடத்தினுள் அமைந்த கிண்ணம் ‘கப்’ எனப்படும். இரண்டிற்கும் இடையே மசகு பூசி அடுக்கப்படுபவை ‘பால்ரஸ்’ குண்டுகள். கோனைச் சிறிது முறுக்கியபின் அவர் சக்கரத்தைச் சுழற்றிப் பார்ப்பார். பிறகு விளிம்பைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்ப்பார். மிகுதியாக இறுகினால் சக்கரம் கரகரக்கும், தளர்ந்தால் ஆடும். இரண்டிற்கும் நடுவே உள்ள நிலையை அவருடைய விரல்கள் அறியும். ஆலைகளில் இயங்கும் கடைசல் எந்திரம், சாணை எந்திரம், மையவிலக்கு நீரேற்றி ஆகியவற்றினுள்ளும் இதே அமைப்பு பெரிய அளவில், மிகுந்த நுட்பத்தோடு பணிபுரிகின்றது. பொறியியலார் அதனைக் ‘கோணத் தொடுகைக் குண்டுத் தாங்கி’ என்று வழங்குவர். தொழிற்பட்டறைகளில் தாங்கி என்னும் சொல்லைக் கேட்பது அரிது. அங்கு எல்லாம் ‘பேரிங்’தான்.

சுழலும் தண்டு ஒன்றைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அதே வேளையில் அதன் சுழற்சியைத் தடுக்கவும் கூடாது. இம்முரண்பாட்டிற்குக் கிடைத்த விடையே தாங்கி. ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும்போது எழும் உராய்வைவிட, ஒன்றன்மேல் ஒன்று உருளும்போது எழும் உராய்வு மிகக் குறைவு. இவ்வுண்மை பழங்காலத்திலேயே அறியப்பட்டதுதான். ஆயினும், வண்டி அச்சில் குண்டுகளை வைத்து இயக்கும் அமைப்பிற்கு வேல்சு நாட்டின் கார்மார்தன் நகரைச் சேர்ந்த பிலிப் வான் என்பவர் காப்புரிமை பெற்றது 1794ஆம் ஆண்டில்தான். பாரிசு நகரின் மிதிவண்டிக் கைவினைஞர் ழூல் சூரிரே 1869இல் மற்றொரு காப்புரிமை பெற்றார். எனினும், இவ்வமைப்பு உலகெங்கும் பரவ ஒரு தடை இருந்தது. எல்லாக் குண்டுகளும் ஒரே அளவினவாக இருத்தல் வேண்டும். ஒன்று சற்றுப் பெரிதாயின் சுமை முழுவதும் அதன்மீதே விழும். ஏனையவை வெறுமனே உடன்வரும். செர்மனியின் சுவைன்ஃபுர்ட் நகரில் ஃபிரீட்ரிக் ஃபிஷர் 1883இல் உருவாக்கிய எந்திரம், எஃகுக் குண்டுகளைப் பெருமளவில் ஒரே அளவாக அரைத்துத் தந்தது. தாங்கித் தொழில் வேரூன்றியது அதன் பிறகே.

தாங்கியின் பகுதிகள் நான்கு. தண்டோடு சேர்ந்து சுழலும் உள்வளையம், எந்திரக் கூட்டில் அமர்ந்திருக்கும் வெளிவளையம், இரண்டிற்கும் இடையே உருளும் குண்டுகள், குண்டுகள் ஒன்றோடொன்று உரசாமல் இடைவெளி காக்கும் கூண்டு. வளையங்களில் குண்டுகள் ஓடுவதற்கான தடம் பள்ளமாகக் கடையப்பட்டிருக்கும். மின்விசிறியில் உள்ளது போன்ற சாதாரணத் தாங்கியில் தடத்தின் இருகரைகளும் ஒரே உயரத்தில் இருக்கும். குண்டு பள்ளத்தின் நடுவில் அமர்ந்து, தண்டிற்குச் செங்குத்தாக வரும் சுமையைத் தாங்கும். இதனை ஆரத்திசைச் சுமை என்பர்.

சுமை எப்போதும் செங்குத்தாகவே வருவதில்லை. துளையிடும் கருவி பொருளுக்குள் இறங்கும்போது பொருள் அதனைத் திருப்பித் தள்ளுகிறது. நீரேற்றியின் சுழல்தட்டை நீரின் அழுத்தம் ஒருபுறமாகத் தள்ளுகிறது. தண்டின் நீளவாக்கில் வரும் இத்தகைய தள்ளலுக்கு அச்சுத்திசைச் சுமை என்று பெயர். அதனைத் தாங்குவதற்காகவே தடத்தைச் சாய்த்தனர். வெளிவளையத்தின் ஒரு கரை உயரமாக நிற்க, மற்றொரு கரை தாழ்த்திக் கடையப்படுகிறது. குண்டு உள்வளையத்தைத் தொடும் புள்ளியையும் வெளிவளையத்தைத் தொடும் புள்ளியையும் ஒரு கோட்டால் இணைத்தால், அக்கோடு தண்டிற்குச் செங்குத்தாக நில்லாமல் சாய்ந்திருக்கும். அச்சாய்வின் அளவே தொடுகைக் கோணம். கரையைத் தாழ்த்தியதால் வேறொரு நன்மையும் வாய்த்தது. வெளிவளையத்தைச் சூடேற்றி விரியச் செய்து, குண்டுகள் நிறைந்த உள்வளையத்தின்மேல் எளிதாக நுழைக்கலாம். ஆகவே கூடுதலான குண்டுகளுக்கு இடம் கிடைத்தது.

கோணத்தின் பயனை அறிய இயற்பியல் பாடத்தில் பயின்ற விசைப்பகுப்பு போதும். ஒரு குண்டு தொடுகைக் கோட்டின் வழியே 100 நியூட்டன் விசையைத் தாங்குகிறது எனக் கொள்வோம். கோணம் 15 பாகையாயின், அவ்விசையின் அச்சுத்திசைக் கூறு ஏறத்தாழ 26 நியூட்டன். ஆரத்திசைக் கூறு 97 நியூட்டன். கோணம் 40 பாகையாயின், அவை முறையே 64 நியூட்டனாகவும் 77 நியூட்டனாகவும் மாறுகின்றன. ஆரத்திசையில் சிறிது இழந்து அச்சுத்திசையில் இருமடங்கிற்கு மேல் பெறும் பேரம் இது. அவ்வாறாயின் எல்லாத் தாங்கிகளையும் 40 பாகையில் செய்துவிடலாமே என்று தோன்றும். விரைந்து சுழலும்போது குண்டுகள் வெளிப்புறம் நோக்கி வீசப்படுகின்றன, கோணம் மிகுந்தால் அவை உருள்வதோடு தடத்தின்மேல் பம்பரம்போல் திருகவும் செய்கின்றன, வெப்பம் பெருகுகிறது. ஆதலால் மிகுவேகச் சாணை எந்திரங்களுக்கு 15 அல்லது 25 பாகையும், வேகம் குறைந்து தள்ளல் மிகுந்த நீரேற்றிகளுக்கு 40 பாகையும் பொருந்துகின்றன. மிகுவேக எந்திரங்கள் சிலவற்றில் எஃகுக் குண்டிற்கு மாற்றாகச் சிலிக்கான் நைட்ரைடு என்னும் பீங்கான் வகைக் குண்டு இடம்பெறுகிறது. அதன் அடர்த்தி எஃகினதில் பாதிக்கும் குறைவு.

சாய்வு தரும் வலிமைக்கு ஒரு விலை உண்டு. உயர்ந்த கரை உள்ள பக்கம் நோக்கி வரும் தள்ளலை மட்டுமே இத்தாங்கி ஏற்கும். எதிர்த்திசையில் தள்ளினால் குண்டுகள் தாழ்ந்த கரையின்மேல் ஏறும். வளையங்கள் பிரிய முற்படும். அதுமட்டுமன்று, செங்குத்தான சுமை மட்டும் வந்தாலும் சாய்வின் காரணமாக அதிலிருந்து ஓர் அச்சுத்திசைக் கூறு தானே பிறக்கிறது. எனவே ஒற்றைத் தாங்கி தனித்து நிற்க இயலாது. அதனை எதிர்த்து நிற்க மற்றொன்று வேண்டும். இரண்டையும் முதுகோடு முதுகாகப் பொருத்தினால் தொடுகைக் கோடுகள் தண்டின்மீது தொலைவான இரு புள்ளிகளில் சென்று சேரும். கால்களை அகட்டி ஊன்றி நிற்பவரைச் சாய்ப்பது கடினமன்றோ. அதுபோலத் தண்டும் உறுதியாக நிற்கும். மிதிவண்டிக் குடத்தின் அமைப்பும் இதுவே. முகத்தோடு முகமாகப் பொருத்தினால் அக்கோடுகள் நெருங்கிவிடும். உறுதி குறைந்தாலும், தண்டின் சிறு வளைவைப் பொறுத்துக்கொள்ளும். ஒரே திசையில் பெருந்தள்ளல் வருமிடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திச் சுமையைப் பகிரச் செய்வர். எதிர்ப்புறத்திற்கு அப்போதும் வேறொரு தாங்கி தேவை.

இணைத்த பின்னர்ச் செய்யப்படும் முன்னழுத்தம் மிதிவண்டிக் கடைக்காரரின் விரல்நுட்பத்திற்கு ஒப்பானது. சுமை வருவதற்கு முன்பே இரு தாங்கிகளையும் ஒன்றையொன்று நோக்கிச் சிறிது அழுத்தி, குண்டிற்கும் தடத்திற்கும் இடையே எஞ்சியுள்ள ஆட்டத்தை நீக்கிவிடுவர். கடைசல் எந்திரம் உலோகத்தைச் சீவும்போது தண்டு நடுங்காதிருப்பதும், சீவிய பரப்பு பளபளப்பாக அமைவதும் இதனால்தான். அழுத்தம் அளவு கடந்தாலோ கேடு வரும். குண்டுத் தாங்கியின்மீது சுமை இருமடங்கானால் அதன் கணக்கிட்ட ஆயுள் பாதியாகக் குறைவதில்லை. எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆயுள், சுமையின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் அமைவதே காரணம்.

இத்தாங்கியைக் கையாள்பவர் அதன்மேல் பொறித்துள்ள எண்ணைப் படிக்க அறிந்திருத்தல் வேண்டும். 7206 என்பதில் முதலில் உள்ள 7 கோணத் தொடுகை வகையைக் குறிக்கிறது. இறுதியில் உள்ள 06ஐ 5ஆல் பெருக்கினால் 30. அதுவே தண்டு நுழையும் துளையின் விட்டம், மில்லிமீட்டரில். தண்டில் ஏற்றும்போது விசையை உள்வளையத்தில் மட்டுமே செலுத்த வேண்டும். வெளிவளையத்தில் தட்டினால் அவ்வடி குண்டுகளின் வழியாகவே உள்ளே செல்லும். தடத்தில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழும். தூசியும் அத்தகைய பகைதான். குண்டையும் தடத்தையும் பிரித்து நிற்கும் எண்ணெய்ப் படலத்தின் தடிமன் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. காற்றில் மிதக்கும் தூசித்துகள் பலவும் அதனினும் பெரியவை.

கவனக்குறைவாக ஒருவர் தாங்கியைத் திருப்பிப் பொருத்திவிட்டால், எந்திரம் உடனே நின்றுவிடுவதில்லை. முதலில் ஓசை மாறும். பிறகு கூடு சூடேறும். அதன்பின் தடத்தின் மேற்பரப்பு செதில் செதிலாகப் பெயரும். எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் போன்ற இடங்களில், தீப்பற்றும் திரவத்தைச் செலுத்தும் நீரேற்றி ஒன்றின் தாங்கி சிதைந்தால், ஆடும் தண்டு கசிவுத் தடுப்பையும் குலைத்துவிடும். அங்கே நிற்பவரின் உயிருக்கே அது இடராகும். பழுதான தாங்கியை அறுத்துத் திறந்து பார்க்கும் பணியாளர், முதலில் வெளிவளையத்தில் குண்டுகள் ஓடிய தடயத்தைத் தேடுவார். அது வளையத்தின் உயர்ந்த கரைப் பக்கத்தில் ஒரே அகலத்தில் சுற்றிவந்திருந்தால் தாங்கி முறையாகப் பொருத்தப்பட்டது என்று கொள்வார். பழுதிற்கு எண்ணெயையோ சுமையையோ ஆராய்வார். தாழ்ந்த கரையின் விளிம்பில் அது மெல்லிய கோடாகக் கருகிக் கிடந்தால், அவர் வேறெதையும் ஆராய வேண்டியதில்லை.