முற்றத்துப் பறவைகள் – 9: தை மாதத்தில் யாருக்குப் பசி?

இணையத்தில் பறவைத் தீவனக் கூண்டு வாங்கினால் உள்ளே ஒரு துண்டுத் தாள் இருக்கும். குளிர்காலத்தில் தீனியை நிறுத்திவிடாதீர்கள், பறவைகள் பட்டினியால் சாகும் என்ற பாணியில் அதில் எழுதியிருப்பார்கள். அந்தக் கூண்டுகளை இப்போது திருச்சியில் பல மாடிகளில் பார்க்கிறேன். வாங்கியவர்களுக்கு நல்ல மனசு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் தாளில் இருக்கிற குளிர்காலம் வேறு ஊருடையது.

பிரிட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசியில் அங்கே பகல் எட்டு மணி நேரம் நீடித்தாலே அதிகம். தரை உறைந்துபோகும், மண்ணில் இருக்கிற புழு அலகுக்கு எட்டாது. பத்துப் பதினோரு கிராம் எடையுள்ள ஒரு சிட்டு, கடுங்குளிர் இரவு ஒன்றைத் தாண்டுவதற்குள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கை எரித்துவிடும். விடிந்ததும் எங்காவது சூரியகாந்தி விதையோ கொழுப்பு உருண்டையோ கிடைத்தால்தான் அதற்கு அடுத்த இரவு. அந்த ஊர்க்காரர்கள் தோட்டத்தில் தீனி தொங்கவிடுவது உண்மையிலேயே உயிர் காக்கும் காரியம்.

திருச்சியில் நாங்கள் இருக்கும் அரியமங்கலத்தில் நிலைமை நேர்மாறு. மார்கழி விடியலில் நமக்குச் சால்வை வேண்டியிருக்கிறது, சரி. ஆனாலும் குறைந்தபட்ச வெப்பம் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. வடகிழக்குப் பருவமழை இப்போதுதான் ஓய்ந்திருக்கிறது. உய்யக்கொண்டான் வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. விற்காமல் கிடக்கும் காலி மனைகளில் புல் இடுப்பளவு வளர்ந்து கதிர் விட்டிருக்கிறது. சர்க்கார்பாளையம், பனையக்குறிச்சிப் பக்கம் சம்பா முற்றி அறுப்புக்கு நிற்கிறது. வெயில் ஏறியபின் அந்தக் காலி மனை ஓரம் சற்று நின்று பாருங்கள். தினைக்குருவிகள் கூட்டமாக வந்து இறங்கும். ஒவ்வொன்றும் ஒரு புல்தண்டைப் பற்றும், தண்டு வளைந்து தரையைத் தொடும். குருவி காலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு கதிரை நுனியிலிருந்து உருவித் தின்னும். வயிற்றிலும் மார்பிலும் மீன்செதில் போலக் கோடு போட்ட புள்ளிச் சில்லை அது. இந்த மாதம் அதற்குக் கல்யாணச் சாப்பாடு. அங்கே பசி இல்லை. களைக்கொல்லி அடிக்கிற அன்றைக்குத்தான் பசி வரும்.

நம் ஊர்ப் பறவைகளுக்குக் கஷ்டகாலம் சித்திரை, வைகாசி. வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது, குட்டை வற்றி, புல் கருகி, புழு பூச்சி அடங்கிப்போகும்போது கைப்பிடித் தானியமும் ஒரு தட்டுத் தண்ணீரும் நிஜமாகவே உதவும். பொங்கலுக்கு வாங்கிய கூண்டைப் பலர் ஏப்ரலில் ஆர்வம் குறைந்து பரணில் போட்டுவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

குளிர்காலத்தில் நம் தோட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் யார் என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தகைவிலான், வேலியில் வந்து உட்காரும் பழுப்புக் கீச்சான், வாய்க்கால் கரையில் வாலை ஆட்டிக்கொண்டு நடக்கும் வாலாட்டி, செடிக்குள்ளிருந்து 'டிக், டிக்' என்று சத்தம் மட்டும் கொடுத்துவிட்டு முகம் காட்டாத பிளித் நாணல் கதிர்க்குருவி. இந்தக் கடைசிப் பறவையின் எடை பத்துப் பன்னிரண்டு கிராம். பின்லாந்து, ரஷ்யா, மத்திய ஆசியப் பக்கங்களில் குஞ்சு பொரித்துவிட்டு, நம் வீட்டுச் செம்பருத்திச் செடிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இவற்றில் ஒன்றுகூட அரிசியைச் சீண்டாது. எல்லாம் பூச்சி தின்னும் கூட்டம். கம்பும் தினையும் நிரப்பிய கூண்டைப் பார்த்து அவற்றுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

எங்கள் கொல்லையில் மாமரத்தடியைக் கூட்டுவதில்லை என்று வைத்திருக்கிறோம். அதனால் ஆறுமணிக்குருவியைக் கிட்டத்தில் பார்க்க வாய்க்கிறது. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் மழைக்காலத்தில் கூடு கட்டிவிட்டு, ஐப்பசி வாக்கில் தெற்கே இறங்கும் பறவை. பச்சை முதுகு, சந்தன மார்பு, வாலடியில் குங்குமச் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை. இத்தனை நிறமும் சருகுக்குள் நின்றால் மறைந்துவிடுகிறது. ஒரு காய்ந்த மாவிலையை அலகால் கவ்விப் பக்கத்தில் எறியும். தலையைச் சாய்த்து அந்த இடத்தையே பார்க்கும். இரண்டு தத்து, அடுத்த இலை. பூரானோ, கரையானோ, மண்புழுவோ, ஏதாவது கிடைத்தபடி இருக்கும். கட்டைவால் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும். அதற்கு உணவு வைக்கும் முறை ஒன்றே ஒன்றுதான்: சருகை விட்டுவைப்பது. மார்கழிக் காலையில் தெருவுக்குத் தெரு சருகைக் கூட்டிக் கொளுத்துகிறோமே, அதுதான் அதன் சமையலறை. அதேபோல, முருங்கையில் கம்பளிப்பூச்சி கண்டதும் மருந்து அடிக்கிறோம். நாலு நாள் பொறுத்தால் செம்போத்து வந்து முடிந்தவரை பொறுக்கித் தின்னும். பூச்சி அடைந்த கிளை வாசலுக்கு நேராகவோ குழந்தைகள் கைபடும் இடத்திலோ இருந்தால் அந்தக் கிளையை மட்டும் வெட்டி அப்புறப்படுத்தலாம். மரம் முழுவதையும் நஞ்சில் நனைக்க வேண்டாம்.

அப்படியென்றால் இந்த மாதம் பறவைக்குச் சோறு வைக்கவே கூடாதா? வையுங்கள். வைக்கிற முறை நம்மிடமே இருக்கிறது. மாட்டுப் பொங்கலன்று காலை ஸ்ரீரங்கத்தில் காவிரிக் கரையிலும் மொட்டை மாடிகளிலும் பெண்கள் கணுப்பிடி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் இலை, அதில் மஞ்சள் சாதம், சிவப்புச் சாதம், வெல்லச் சாதம், தயிர்ச் சாதம் என்று சின்னச் சின்னப் பிடிகள், கரும்புத் துண்டு, வாழைப்பழம். கூடப்பிறந்தவர்கள் நன்றாயிருக்க வேண்டும் என்று காக்கைக்கு வைப்பது. அன்றாடம் சாப்பிடுமுன் காக்கைக்கு வைக்கும் ஒரு பிடியும் அதே வகைதான். அளவைக் கவனியுங்கள்: ஒரு கை. அப்போது வடித்தது. பறவை வந்து சில நிமிடங்களில் தின்று தீர்த்துவிடும். ராத்திரி எலிக்கு மிச்சம் இராது, புளித்துப்போகாது. பறவைகளுக்கு உணவு வைப்பதில் வெளிநாட்டு ஆய்வாளர்கள் இன்று வற்புறுத்துவதும் இதைத்தான்: கொஞ்சமாக, புதிதாக, மிச்சமில்லாமல்.

அந்த அளவு மீறும்போது என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனே சாட்சி. தோட்டத் தீனித் தட்டுகளில் கூடும் பிஞ்ச் குருவிகளிடம் 2005-ல் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி நோய் பரவத் தொடங்கியது. தொண்டை அடைத்துக்கொள்ளும், விழுங்க முடியாது. எச்சில் பட்ட இரையும் தண்ணீரும்தான் தொற்றும் வழி. கிரீன்ஃபிஞ்ச் என்ற பச்சைக் குருவியின் எண்ணிக்கை சில ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. அன்பாக வைத்த தட்டே அந்த நோய் பரவும் இடமானது. இந்த ஒட்டுண்ணியைப் பொதுவாகச் சுமப்பவை புறாக்கள். ஒரே தட்டில் புறாவும் சில்லையும் தின்னும்படி நம் மாடியில் தானியத்தைக் குவித்துவைப்பது ஏன் தவறு என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

புறாவுக்கு மூட்டை மூட்டையாகப் போடுவதில் மனிதருக்கும் தீங்கு இருக்கிறது. எச்சத் தூளையும் இறகுத் துகளையும் வருடக்கணக்கில் சுவாசிப்பவர்களில் சிலருக்கு ஒவ்வாமையால் நுரையீரல் அழற்சி வரும். முற்றினால் நுரையீரல் தழும்பேறிப்போகும். மும்பையில் புறாக்களுக்குத் தீனி போடும் இடங்களான கபூதர்கானாக்களை மூடும் முயற்சி 2025-ல் நடந்தபோது தாதரில் பெரும் போராட்டம் வெடித்தது. தீனி போடுவதைத் தர்மமாக நம்புகிறவர்களின் வலி எனக்குப் புரிகிறது. ஆனாலும் மூடச் சொன்னவர்கள் பக்கம்தான் நான்.

சென்னை ராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்த்துவந்த ஜோசப் சேகர், 2004 சுனாமிக்குப் பின் மாடிக்கு வந்த சில கிளிகளுக்கு அரிசி வைக்கத் தொடங்கினார். பிறகு ஆயிரக்கணக்கில் வந்தன. பலகை அடித்து, ஊறவைத்த அரிசியைப் பரப்பி, வருமானத்தில் கணிசமான பகுதியை அதற்கே கொடுத்தார். அந்த அர்ப்பணிப்பை வணங்குகிறேன். அதே சமயம், தினம் வந்த ஆயிரக்கணக்கான பறவைகளை ஒரு தனிமனிதரின் உடல்நலமும் வாடகை வீடும் தாங்கவேண்டியிருந்தது என்பதை நினைத்தால் பதைக்கிறது. நாம் கைப்பிடியோடு நிற்போம்.

அளவுமீறிய தீனி என்ன செய்யும் என்பதை அரியமங்கலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊரின் மிகப் பெரிய பறவைத் தீனித் தட்டு நம் பக்கத்திலேயே இருந்தது: 47 ஏக்கர் குப்பைக் கிடங்கு. மீன் கழிவும் கோழிக் கழிவும் கொட்டியவரை கரும்பருந்தும் காக்கையும் உண்ணிக்கொக்கும் அங்கே குறைந்ததில்லை. அந்தத் தீனியோடு பிளாஸ்டிக்கும் புகையும் சேர்ந்தே வந்தன. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில், பழைய குப்பையைத் தோண்டித் தரம்பிரிக்கும் பயோமைனிங் முறையில் அந்தக் குப்பை மலையைக் கரைக்கத் தொடங்கியபோது, பருந்துகள் எங்கே போகும் என்று ஒரு நண்பர் கேட்டார். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் போகட்டும். அவை அங்கேதான் இருக்க வேண்டியவை.

ஒரு வதந்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது: பச்சரிசி தின்றால் குருவியின் வயிறு வெடித்துவிடுமாம். வெடிக்காது. வயலில் உமியோடு நெல்லையே தின்கிற பறவைக்கு அரிசி ஒன்றும் செய்யாது. கெடுதல் உப்பில்தான். மிக்சர், முறுக்கு, சிப்ஸ், ஊறுகாய் பிசைந்த மிச்சச் சோறு, இவற்றை வைக்கவே வைக்காதீர்கள். வாசல் கோலத்தையும் அரிசி மாவில் போட்டால் நல்லது. இப்போது கடையில் விற்கும் கோலப்பொடி பெரும்பாலும் கல்மாவு. மார்கழி முழுக்கத் தெருவை அடைத்துக் கோலம் போட்டும் எறும்புக்கோ குருவிக்கோ அதில் ஒரு துளி இல்லை.

தண்ணீர்ச் சட்டி எல்லா மாதமும் வேண்டும். அகலமான மண்சட்டி, இரண்டு விரல் ஆழத்துக்கு மேல் வேண்டாம். மழைக்காலத்தில் இதில் ஒரு சிக்கல் உண்டு, டெங்கு. வீட்டுக்கு வீடு வந்து பார்க்கும் கொசு ஒழிப்புப் பணியாளர் அம்மா ஒருவர் எங்கள் சட்டியைக் கையில் எடுத்து, ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், தண்ணிய மட்டும் கொட்டுனாப் பத்தாது. ஓரத்தை நார் போட்டுத் தேச்சு ஊத்துங்க." அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஏடிஸ் கொசு முட்டையை நீர்மட்டத்துக்கு மேலே சட்டியின் சுவரில் ஒட்டவைக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, அடுத்து தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தினம் தேங்காய் நார், தினம் புதுத் தண்ணீர். பறவை நோய்க்கும் அதுவே தடுப்பு.

பொங்கல் நான்கு நாளும் தமிழகப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்தி வருகிறார்கள். இந்தத் தடவை நீங்களும் சேருங்கள். மொட்டை மாடியிலோ கொல்லையிலோ பதினைந்து நிமிடம் நின்று, கண்ணில் பட்டதையும் காதில் கேட்டதையும் எண்ணிக்கையோடு எழுதி, பறவைப் பதிவுக்கான இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றினால் போதும். காக்கை, மைனா, புறா என்று தினம் பார்க்கிறவற்றை விட்டுவிடாதீர்கள். கணுப்பிடிக்கு எத்தனை காக்கை வந்தது என்பதும் சேரட்டும்.

(தொடரும்)