தொடர் வரைபட மென்பொருட்கள்

தொடர் வரைபடம் என்பது ஒரு முறைமையின் பகுதிகள் தமக்குள் எந்த ஒழுங்கில் செய்திகளைப் பரிமாறிக்கொள்கின்றன எனக் காட்டும் வரைபடம் ஆகும். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு செங்குத்துக் கோடு உண்டு. கோடுகளுக்கு இடையிலான அம்புக்குறி ஒரு செய்தியைக் குறிக்கும். பல கணினிகள் வலையமைப்பின் வழியே சேர்ந்து இயங்கும் பரவல் முறைமைகளை வடிவமைக்க இது பெரிதும் பயன்படுகின்றது. தொலைத்தொடர்புத் துறையில் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் இசட்.120 பரிந்துரையும், மென்பொருள் துறையில் 1997இல் ஏற்கப்பட்ட யூஎம்எல் மொழியும் இதன் குறியீடுகளை வரையறுத்தன.

வாசிக்கும் முறை

மேலே உள்ள அம்புக்குறியின் செய்தியே முதலில் சென்று சேரும் என மாணவர் பலர் கருதுவர். இது தவறு. காலம் மேலிருந்து கீழாக ஓடுவது ஒவ்வொரு கோட்டிலும் தனித்தனியாகவே. வெவ்வேறு கணினிகளுக்குப் பொதுவான கடிகாரம் இல்லை. இதனை லெசுலி லாம்போர்ட் 1978இல் தெளிவாக விளக்கினார்.

எடுத்துக்காட்டாக, ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களில் இரு முன்பதிவு நிலையங்கள் உள்ளன எனக் கொள்வோம். இருக்கைப் பட்டியல் 'அ', 'ஆ' என்னும் இரு வழங்கிகளில் உள்ளது. கடைசி இருக்கைக்கான வேண்டுகோளை இரு நிலையங்களும் இரு வழங்கிகளுக்கும் அனுப்புகின்றன. வடிவமைப்பாளர் இரண்டு படங்கள் வரைகிறார்: ஒன்றில் ஆவடியின் வேண்டுகோள் இரு வழங்கிகளிலும் முந்துகிறது, மற்றதில் பூந்தமல்லியினது. ஆனால் 'அ'வில் ஆவடியும் 'ஆ'வில் பூந்தமல்லியும் முந்தினால்? ஒவ்வொரு வழங்கியும் ஏதோ ஒரு படத்தின்படியே நடந்துள்ளது. எனினும் ஓர் இருக்கை இருவருக்கு விற்கப்பட்டுவிட்டது. வரையப்படாத இத்தகைய நிகழ்வு உட்கிடை நிகழ்வு எனலாம். வழங்கிகள் தமக்குள் பேசிக்கொள்வதோ, வரிசையை ஒரே வழங்கி முடிவு செய்வதோ இதற்குத் தீர்வாகும்.

மென்பொருட்கள்

பிளாண்ட்யூஎம்எல், மெர்மெய்ட் போன்றவை எழுத்து வடிவ விவரிப்பிலிருந்து படத்தை வரைந்து தருவன. கையாள எளியவை, ஆனால் மேற்கண்ட பிழையை இவை சுட்டிக்காட்டா. ஜெரார்டு ஹோல்சுமன் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய ஸ்பின் வேறு வகை. அது நிகழக்கூடிய எல்லா ஒழுங்குகளையும் தேடி, பிழை நேரும் ஓட்டத்தைத் தொடர் வரைபடமாகவே காட்டவல்லது. படங்களிலிருந்து உட்கிடை நிகழ்வுகளைக் கண்டறியும் முறையை ராஜீவ் அலூர், கூசா எட்டெசாமி, மிகாலிசு யன்னகாகிசு ஆகியோர் 2000இல் வெளியிட்டனர்.

சென்னையில் ஆய்வு

படங்களைக் கிளைகளாலும் சுழல்களாலும் இணைத்தால் முடிவிலாப் பல ஓட்டங்கள் கிடைக்கும். அவற்றைச் சரிபார்ப்பது பொதுவாகக் கணினியால் தீர்க்கவியலாத சிக்கல். எனவே தீர்க்கக்கூடிய வகைகள் எவை என்பதே கேள்வி. சென்னைக் கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த், கே. நாராயண் குமார், பி. எஸ். தியாகராஜன் ஆகியோர், ஹென்ரிக்சன், மிலிந்த் சோஹோனி ஆகியோருடன் சேர்ந்து 2000 முதல் இதனை ஆராய்ந்தனர். வழியில் தேங்கும் செய்திகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு உள்ள ஒரு வகையை 'ஒழுங்கான' தொகுதிகள் என அவர்கள் வரையறுத்தனர். இவற்றுக்குச் செய்தி பரிமாறும் முடிவுறு தானியங்கிகளை அமைக்கலாம் என்றும் நிறுவினர். இதன் முழு வடிவம் 2005இல் வெளிவந்தது.