நாடு முழுவதற்கும் ஒரு தீயணைப்புப் படை

தீப்பற்றிய ஊருக்கு உதவிபுரிய அயலூர்த் தீயணைப்புப் படை விரைந்து வருகின்றது. ஆட்கள் உளர், இயந்திரம் உண்டு, வீதியின் அடியில் நீரும் ஓடுகின்றது. ஆயினும், வந்தவர்கள் கொணர்ந்த குழாயின் பூட்டு அவ்வூர் நீர்க்குழாயிற் பொருந்தவில்லை. 1940, 1941ஆம் ஆண்டுகளில் ஜேர்மானிய விமானங்கள் குண்டுவீசிய பிரித்தானிய நகரங்கள் சிலவற்றில் நேர்ந்த அவலம் இது.

1938ஆம் ஆண்டுச் சட்டம் தீயணைப்பை உள்ளூராட்சி மன்றங்களின் கடமையாக்கியிருந்தது. அது நல்லதே. ஆனால், ஆயிரத்துக்கும் மேற்பட்ட அப்படைகள் தத்தமக்கு விருப்பமான கருவிகளை வாங்கின. பதவிப் பெயர்களும் பயிற்சியும் ஊருக்கு ஊர் வேறுபட்டன. இரு படைகள் ஓரிடத்திற் கூடினால், ஆணையிட வேண்டியவர் யார் என்பதிலும் குழப்பம் விளைந்தது.

உள்நாட்டமைச்சர் ஹேர்பேட் மொரிசன் 1941 மே மாதத்திற் சட்டம் இயற்றுவித்தார். ஓகஸ்ட் மாதத்தில் எல்லாப் படைகளும் தேசியத் தீயணைப்புச் சேவையாக ஒன்றாயின. நாடு பல தீயணைப்புப் பிரதேசங்களாக வகுக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தளபதி நியமிக்கப்பட்டார். பூட்டும் ஒன்றாயிற்று; பதவிப் பெயரும் ஒன்றாயிற்று. தொலைபேசிகளிலும் கட்டுப்பாட்டறைகளிலும் பல்லாயிரம் பெண்கள் பணிபுரிந்தனர்.

இவ்வமைப்பின் உயிர்நிலை கட்டுப்பாட்டறையே. தீ நிகழ்ந்த இடத்துக்கு அண்மையிலுள்ள நிலையத்து வண்டி முதலிற் செல்லும். அங்குள்ள அதிகாரி நிலைமையை நோக்கி, மொத்தம் பத்து இயந்திரங்கள் வேண்டுமென அறிவித்தால், சுற்றியுள்ள நிலையங்களிலிருந்து அவை அனுப்பப்படும். அத்துடன் வேலை முடிவதில்லை. வெறுமையாகிவிட்ட நிலையங்களுக்கு, மேலும் அப்பாலுள்ள வண்டிகள் நகர்த்தப்படும். ஓரிடத்துத் தீயை அணைக்கும்பொழுது மற்றோரிடம் காவலின்றிக் கிடத்தல் ஆகாது அன்றோ? இந்த நகர்வைத் தனி ஊரொன்றின் படை ஒருபோதும் செய்தல் இயலாது.

போர் முடிந்ததும் படைகளைத் திருப்பித் தருவதாக மொரிசன் வாக்களித்திருந்தார். 1948 ஏப்ரல் 1ஆம் திகதி அவை திரும்பின. ஆனால் பழைய சிற்றூர்ச் சபைகளுக்கு அல்ல, மாவட்ட மன்றங்களுக்கும் பெருநகர மன்றங்களுக்குமே. பொதுவான பூட்டும் பதவிமுறையும் நிலைத்தன. இழந்த சபைகளின் மனக்குறை நியாயமானதே. எனினும், ஒரேயொரு வண்டி கொண்ட படைக்கு மீள்வது அறிவுடைமையாகாது.

ஸ்கொத்லாந்து 2013 ஏப்ரலில் தன் எட்டுச் சேவைகளை மீண்டும் ஒன்றாக்கிற்று. எட்டாக இருந்த கட்டுப்பாட்டறைகளும் பின்னர் மூன்றாயின. தொலைவிலிருந்து அழைப்பை ஏற்பவர், தீவுகளிலும் மலைப்புறங்களிலும் உள்ள ஒற்றையடிப் பாதைகளை அறிவாரோ என அங்குள்ளோர் வினவினர்.