கண்ணைக் கெடுக்கும் கண்மருந்து

குழந்தையைக் 'கண்ணே' என்று அழைப்பது தமிழ்த் தாய்மாரின் வழக்கம். அக்குழந்தையின் கண் சிவந்து அரித்தால், வைத்தியரை நாடாமல் மருந்துக் கடையில் ஒரு சொட்டு மருந்தை வாங்கி ஊற்றுவதும் நம்மிடையே வேரூன்றிவிட்ட வழக்கமே. இதனால் விளையும் தீங்கு சாமானியமானதன்று. அதை எடுத்துரைப்பது நமது கடமையென்று கருதுகிறோம்.

ஒவ்வாமையால் உண்டாகும் கண் அழற்சி வேறு. 'மெட்ராஸ் ஐ' என்னும் தொற்றுநோய் வேறு. ஒவ்வாமை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பரவுவதில்லை. தூசியோ மகரந்தமோ கண்ணின் மெல்லிய சவ்வில் படும்போது, அங்குள்ள சில அணுக்கள் ஹிஸ்டமின் என்னும் பொருளை வெளியிடுகின்றன. அரிப்பும் சிவப்பும் நீர்வடிதலும் அதன் விளைவுகளே. இதில் கடுமையான வகையொன்று சிறுவர்களை, விசேஷமாக ஆண் குழந்தைகளைப் பீடிக்கிறது. ஐரோப்பிய வைத்தியர்கள் அதற்கு வசந்த காலத்தின் பெயரை இட்டனர். வெப்பம் மிகுந்த நம் நாட்டிலோ அது வருஷம் முழுவதும் நீடிப்பதுண்டு. ஆயினும், பெரும்பாலோருக்கு வாலிபப் பருவம் வந்ததும் அது தானே தணிந்துவிடுகிறது. இந்த உண்மையை வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டுகிறோம்.

கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது பல சமயங்களில் டெக்ஸாமெதஸோன், பீட்டாமெதஸோன் போன்ற ஸ்டீராய்டு கலந்த மருந்து. அதன் விலை சொற்பம். குணமோ விரைவில் தெரிகிறது. ஆகவே அரிப்பு மீளும்போதெல்லாம் அதே புட்டியைக் காட்டி மீண்டும் வாங்குகிறார்கள். மாதங்கள் செல்கின்றன. இம்மருந்தைத் தொடர்ந்து இடுவோரில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்குக் கண்ணுக்குள் நீரழுத்தம் ஓரளவேனும் உயர்கிறது. சிலருக்கு மிக அதிகமாக உயர்கிறது. இதில் பெரும்பாலும் வலியில்லை, சிவப்பும் இல்லை. பார்வை நரம்பு மெல்ல மெல்லச் சாகிறது. கண்புரையும் உண்டாகக்கூடும். புரையை அறுவை செய்து நீக்கலாம்; செத்த நரம்பை உயிர்ப்பிக்க எந்த வைத்தியராலும் இயலாது. தானே போகவிருந்த நோய் போய்விடுகிறது. அதற்கு இட்ட மருந்து கொண்டுபோன பார்வையோ திரும்புவதில்லை. இதைவிடப் பரிதாபம் வேறென்ன?

ஸ்டீராய்டு விஷமென்று நாம் கூறவில்லை. நோய் முற்றிக் கருவிழியில் புண் தோன்றும் நிலையில் அது கண்ணைக் காக்கும் மருந்தே. ஆனால் எத்தனை நாள் இடுவது, எப்போது நிறுத்துவது என்பதை, கண்ணின் அழுத்தத்தை அளந்து பார்க்கும் வைத்தியரே நிர்ணயிக்க வேண்டும்.

சட்டம் இவ்விஷயத்தில் மௌனமாக இல்லை. 1940ஆம் வருஷத்து மருந்துச் சட்டத்தின்கீழ் 1945இல் வகுக்கப்பட்ட விதிகளில் 'எச்' அட்டவணை என்று ஒன்றுண்டு. அதிலடங்கிய மருந்துகளை வைத்தியரின் சீட்டின்றிச் சில்லறையில் விற்கலாகாது. வெளிப்பூச்சு மருந்துகள் பலவற்றுக்கு விலக்களிக்கும் அந்த அட்டவணை, கண்மருந்துகளுக்கு அவ்விலக்கை அளிக்கவில்லை. சட்டம் இயற்றியோர் கண்ணின் அருமையை அறிந்திருந்தனர். சட்டம் ஏட்டில் இருக்கிறது. மருந்தோ தாராளமாகக் கடையில் கிடைக்கிறது.

வியாபார சுதந்திரத்துக்குப் பேர்போன அமெரிக்காவைப் பாருங்கள். ஒவ்வாமைக் கண்ணுக்கான கீட்டோடிஃபென் மருந்தை 2006இலும், ஓலோபடடினை 2020இலும் சீட்டின்றி விற்க அங்கே அனுமதித்தார்கள். ஸ்டீராய்டு கண்மருந்தையோ இன்றும் சீட்டின்றி விற்க விடவில்லை. அபாயம் குறைந்ததற்குக் கதவைத் திறந்து, அபாயமுள்ளதற்குப் பூட்டிட்டார்கள். நமது கடைகளிலோ இரண்டும் ஒரே தட்டில் இருக்கின்றன.

கூலி இழந்து வைத்தியசாலை வாசலில் காத்திருக்க ஏழைக்கு எப்படி முடியும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த வாதம் கிராமந்தோறும் கண் பரிசோதனை வேண்டும் என்பதற்கு ஆதாரமாகுமேயன்றி, சட்டத்தை மீறுவதற்கு அனுமதியாகாது. குருட்டுத்தன்மையைத் தடுக்க 1976இலேயே தேசியத் திட்டம் வகுத்த தேசம் இது. ஒரு கையால் கண்ணொளி கொடுத்து, மறு கையால் அதைப் பறிக்க விடலாமா?

ஆகவே நாம் வற்புறுத்துவது மூன்று. மருந்து ஆய்வாளர்கள் ஸ்டீராய்டு கண்மருந்து விற்பனையைக் கண்டிப்பாகச் சோதிக்க வேண்டும். ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சிட்ட எச்சரிக்கை, தாய்மார் படிக்கத் தமிழில் பெரிய எழுத்தில் வர வேண்டும். அரிக்கும் கண்ணைக் கசக்காமல் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை ஒற்றுவதையும், பழைய சீட்டுக்கு மருந்து வாங்காதிருப்பதையும் பள்ளிகளில் கற்பிக்க வேண்டும்.

முதலிரண்டும் சர்க்காரின் வேலை. மூன்றாவதற்குச் சர்க்காரை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஊர்தோறும் உள்ள தொண்டர்கள் இன்றே அதைத் தொடங்கலாம்.