பூட்டிய கதவுகளுக்கு அப்பால் தங்கவயல்

புது தில்லி: பெங்களூரில் தங்கிப் பயிலும் வெளிநாட்டு மாணவர்கள் விடுமுறை நாள்களில் மைசூருக்கோ, ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கோ செல்வதே வழக்கம். கோலார் தங்கவயலைத் தேடிச் செல்வோரும் உண்டு. 2018-இல் வெளியான கன்னடத் திரைப்படம் அந்த ஊரின் பெயரை எங்கும் கொண்டு சென்றுவிட்டது. பெங்களூருக்குக் கிழக்கே சுமார் 100 கி.மீ. தொலைவு; காலையில் புறப்பட்டால் மாலையில் திரும்பிவிடலாம். ஆனால் அங்கு பார்க்கத்தக்கவற்றில் பெரும்பகுதி பூட்டிய கதவுகளுக்கு அப்பால் உள்ளது. அவற்றின் சாவியோ மத்திய சுரங்க அமைச்சகத்தின் கையில் இருக்கிறது.

பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை செல்லும் கிளை ரயில் பாதை சுரங்கங்களுக்காகவே 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் போடப்பட்டது. கோரமண்டல், உரிகம், சாம்பியன் என அதன் நிலையங்களின் பெயர்களே பாதி வரலாற்றைச் சொல்லிவிடும். இன்று அதே பாதையில் அதிகாலை ரயில்கள் ஊர்மக்களை பெங்களூருக்கு வேலைக்கு ஏற்றிச் செல்கின்றன. காலையில் தங்கவயலுக்குச் செல்லும் பயணி அந்தக் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் பயணிக்கிறார். அவர் காணும் முதல் வரலாற்றுச் சான்று அதுதான் எனலாம்.

1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கு சுரங்கப் பணியைத் தொடங்கியது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்கத் தொழிலாளர்கள் மேற்பார்வைக்கு வந்தனர். பாறையை உடைக்க வந்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு உள்ளிட்ட தமிழ் மாவட்டங்களைச் சேர்ந்த தாழ்த்தப்பட்ட மக்கள். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தபோது அது சுரங்கங்களுக்கு வந்தது. தொழிலாளர்களின் தட்டி வீடுகளுக்கு அல்ல. துரைமார்களின் பங்களாக்களையும், கிளப்பையும், கல்லறைத் தோட்டத்தையும் காட்டி "குட்டி இங்கிலாந்து" என்று கூறுவதோடு பல பயண வழிகாட்டிகள் நின்றுவிடுகின்றன. அயோத்திதாச பண்டிதரின் பௌத்த இயக்கம் வேரூன்றிய மண் இது என்பதும், 1946-இல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்த ஊர் இது என்பதும் அவ்வழிகாட்டிகளில் அரிதாகவே இடம்பெறுகின்றன.

நிலத்தடியில் நியூட்ரினோ

வெளிநாட்டுக் கல்வியாளர்களுக்கு இந்த ஊர் புதிதன்று. சாம்பியன் ரீஃப் சுரங்கம் சுமார் 3.2 கி.மீ. ஆழம் வரை சென்றது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக விளங்கியது. அதன் அடிப்பகுதியில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மேலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை அந்தப் பாறை தடுத்துவிடும் என்பதால், மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம் அங்கு சோதனைக் கருவிகளை அமைத்தது. பிரிட்டனின் டர்ஹாம் பல்கலைக்கழகமும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் அதில் கைகோத்தன. வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோவின் தடயம் 1965-இல் அங்கு பதிவானது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் அதே ஆண்டில்தான் அது பதிவாயிற்று.

அக்குழுவின் எம்.ஜி.கே. மேனன் பின்னாளில் மத்திய அமைச்சராகவும், மாநிலங்களவை உறுப்பினராகவும் இருந்தார். டர்ஹாமின் ஆர்னால்டு வொல்ஃபண்டேல் பிரிட்டனின் அரச வானியலாளர் ஆனார். அவர்கள் கருவிகள் அமைத்த ஆழத்துக்கு இனி எவரும் இறங்க இயலாது. மத்திய அரசின் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-இல் உற்பத்தியை நிறுத்தியது. நீர் இறைக்கும் பம்புகளும் நின்றன. சுரங்கங்களில் நீர் நிரம்பியது. 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கும் மேல் தங்கம் எடுக்கப்பட்ட சுரங்கங்கள் அவை.

ஒருநாள் பயணி தடையின்றிக் காண்பது சயனைடு மேடுகளைத்தான். தங்கம் பிரித்த பின் கொட்டப்பட்ட அரைத்த பாறைத் துகள்கள் குன்றுகளாகக் குவிந்துள்ளன. படப்பிடிப்புக் குழுவினருக்கு அவை காட்சிப் பொருள். காற்றடிக்கும் மாதங்களில் அதன் தூசியை வீட்டுக்குள் பெருக்கித் தள்ளும் ஊர்மக்களுக்கு அப்படி அல்ல. சிலிக்கோசிஸ் நோயால் தொழிலாளர்களை இழந்த குடும்பங்கள் இங்கு ஏராளம்.

அந்த மேடுகள் மீது தில்லிக்கு அக்கறை உண்டு. எஞ்சியுள்ள தங்கத்தை அவற்றிலிருந்து பிரித்தெடுக்க மத்திய அரசு முன்வைத்த திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவு தெரிவித்தது. 13 மேடுகள், ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் இதில் அடங்கும். மேடுகளுக்குக் கிடைத்த இந்தக் கவனம் சுரங்கக் கோபுரங்களுக்கும், இயந்திரக் கூடங்களுக்கும், நிறுவன ஆவணங்களுக்கும் கிடைத்ததாகக் கூற முடியாது.

இத்தனைக்கும் முன்னுதாரணம் தொலைவில் இல்லை. தங்கவயலுக்கு மேற்பார்வையாளர்களை அனுப்பிய கார்ன்வாலின் சுரங்கப் பகுதிகளை 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கோலார் அந்தப் பட்டியலில் இல்லை. வயல் பகுதியின் பெத்தப்பள்ளியில் உள்ள பழங்கால எரிமலைப் பாறையை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளது. பாறைக்கு அந்தத் தகுதி கிடைத்துவிட்டது. அதைக் குடைந்தவர்கள் வாழ்ந்த லைன் வீடுகளைப் பற்றியோ, அவர்கள் இறங்கிய ஷாஃப்டுகளைப் பற்றியோ அத்தகைய அறிவிப்பு எதுவும் இல்லை.