வேலைக்கு அதன் சொந்தப் பெயரே போதும்

சியட் டயர், ஏஷியன் பெயின்ட்ஸ், ஜி.கே.டபிள்யூ. என்று ஆலைகளோடு வளர்ந்த ஊர் மும்பையின் பாண்டுப். அந்த ஆலைகளின் காலத்தில் ஆள் எடுக்க ஒரே சொல் போதும்: ஃபிட்டர், டர்னர், வெல்டர். ஐ.டி.ஐ. சான்றிதழில் இருந்த அதே சொல்தான் வேலை அறிவிப்பிலும் இருந்தது, பட்டறையில் கூப்பிடும்போதும் ஒலித்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்து மாதுங்காவில் குடியேறிய படித்த தலைமுறைக்கு 'ஸ்டெனோ டைப்பிஸ்ட்' அப்படிப்பட்ட சொல். தனக்குச் சுருக்கெழுத்தும் தட்டச்சும் தெரியுமா என்று கேட்டுக்கொண்டால் போதும், விண்ணப்பிக்கலாமா வேண்டாமா என்பது தெளிந்துவிடும். இன்று பாண்டுப்பின் எல்.பி.எஸ். சாலையோரம் மால்களும் அலுவலகங்களும் எழுந்துவிட்டன. அறிவிப்புகளில் 'பிசினஸ் டெவலப்மென்ட் எக்ஸிக்யூட்டிவ்' வந்துவிட்டார். அவர் தெருத் தெருவாக அலைந்து விற்பவரா, போனில் பேசி விற்பவரா, மேஜையில் கணக்கு பார்ப்பவரா என்று தலைப்பைப் படித்துச் சொல்ல முடியாது. வேலை விளம்பரத்தின் தலைப்பில் நிற்க வேண்டியது, அந்த வேலையைத் தெரிந்தவர் பார்த்தவுடன் 'இது என் வேலை' என்று கண்டுகொள்ளும் பெயர்தான். நிறுவனம் உள்ளுக்குள் சூட்டிக்கொள்ளும் பதவிப் பெயருக்கு அங்கே இடமில்லை.

இதற்கு முதல் காரணம், தேடும் முறை. இன்று வேலை தேடுபவர் கைபேசியில் இரண்டு மூன்று சொற்களைத் தட்டுகிறார்; அந்தச் சொற்கள் உள்ள அறிவிப்புகளே அவர் கண்ணில் எளிதாகப் படும். 'அக்கவுண்டன்ட்' என்று தேடுபவர் 'ஃபைனான்ஸ் நிஞ்சா' என்று ஒருநாளும் தேடமாட்டார். நம் அரசும் தொழில்களைப் பொதுப்பெயரால்தான் வரிசைப்படுத்தியிருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் தேசியத் தொழில் வகைப்பாட்டில் 3,000-க்கும் மேற்பட்ட தொழில்கள் எட்டு இலக்க எண்களோடு இடம்பெற்றுள்ளன. விளம்பரம் எழுத உட்காருபவர் தயங்கும்போது புரட்டிப் பார்க்க வேண்டிய பட்டியல் அது.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. ஒரு பெயர் ஆளை அழைப்பதைப் போலவே விலக்கியும் வைக்கும். அமெரிக்க உளவியலாளர்கள் சாண்ட்ரா பெம், டாரில் பெம் இருவரும் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், தொலைபேசி நிறுவனத்தின் 'லைன்மேன்' போன்ற வேலைகளுக்கான விளம்பரங்களைப் பள்ளி இறுதி மாணவியரிடம் காட்டினார்கள். ஆணையே சுட்டும் பெயரும் வாசகமும் இருந்தபோது 5 சதவீதத்தினரே ஆர்வம் காட்டினர். இருபாலருக்கும் பொதுவாக மாற்றி எழுதியதும் அது 25 சதவீதமாயிற்று. கம்பமும் கம்பியும் மாறவில்லை. எழுத்து மட்டுமே மாறியது. 'சேல்ஸ்மேன்', 'ஆபீஸ் பாய்' என்று நாம் பழக்கத்தில் எழுதுவதும் தாராவியிலோ செம்பூரிலோ ஒரு பெண்ணை விண்ணப்பிக்கும் முன்பே திருப்பி அனுப்பிவிடக்கூடும். 'விற்பனையாளர்', 'அலுவலக உதவியாளர்' என்று எழுதினால் பொருளும் குறையாது, கதவும் மூடாது.

கௌரவமான பெயர் வைப்பதில் என்ன தவறு என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது, உழைப்பவருக்கு மரியாதை வேண்டும். 2020-இல் தமிழ்நாடு அரசு 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயரைத் 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றியபோது மதிப்பு கூடியது, வேலை இன்னதென்பதும் மறையவில்லை. மரியாதையும் தெளிவும் ஒரே பெயருக்குள் இருக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று. தவறு, வேலையை மறைக்கும் பெயரில்தான் இருக்கிறது. ஸ்டெனோவாகச் சேர்ந்து 'குரூப் லீடர்' வரை உயர்ந்த ஊழியர் ஒருவர் சட்டத்தின் பார்வையில் தொழிலாளியா, இல்லையா என்ற கேள்வி பம்பாயின் சிபா கெய்கி நிறுவனம் தொடர்பான வழக்கில் உச்சநீதிமன்றத்துக்கு வந்தது. பதவிப் பெயரைப் பார்க்க வேண்டாம், முதன்மையாக என்ன வேலை செய்தார் என்று பாருங்கள் என்பதே 1985-இல் வந்த தீர்ப்பின் சாரம். சட்டம் பெயரைத் தாண்டி வேலையைத் தேடும்போது, விளம்பரம் மட்டும் வேலையைப் பெயருக்குள் ஒளித்துவைப்பது முறையல்ல.

நிறுவனங்களுக்குத் தங்கள் படிநிலைகள் உண்டே என்பது இன்னொரு மறுப்பு. உண்டு, 'கிரேடு இரண்டு அசோசியேட்' என்பதை நியமனக் கடிதத்தில் எழுதிக்கொள்ளலாம். விளம்பரத்தின் தலைப்பில் 'கிடங்கு பேக்கர், இரவு ஷிஃப்ட், பாண்டுப்' என்று இருக்கட்டும். வேலை, நேரம், இடம் மூன்றும் ஒரே வரியில் வந்துவிடுகின்றன. எழுதியதைச் சோதிக்க எளிய வழியும் உண்டு. அதே வேலையை இப்போது செய்பவரிடம், 'வீட்டில் கேட்டால் என்ன வேலை என்று சொல்வீர்கள்?' என்று கேளுங்கள். அவர் வாயில் வரும் சொல்தான் தலைப்பு.

நல்ல பெயரால் முதலாளிக்குப் பொருத்தமற்ற விண்ணப்பங்கள் குறையும் என்பது உண்மை. ஆனால் கூடுதல் விலை கொடுப்பவர் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறார். சயான் நிலையத்தில் ஸ்லோ ரயில் பிடித்து பாண்டுப்பில் இறங்கி, நேர்காணலில் உட்கார்ந்த பிறகுதான் இது வேறு வேலை என்று தெரிந்தால், நாள்கூலிக்காரர் ஒருவர் அன்றைய கூலியை இழந்துதான் வீடு திரும்புவார். ஒரு சொல்லைச் சரியாக எழுதினால் அந்தக் கூலி அவர் கையிலேயே இருந்திருக்கும்.