சீதை தனித்திருந்து ஆடிய ஆட்டம்

மன்னார்த் தீவுக்குப் புதிதாக வருவோரை முதலில் நிறுத்திவைப்பது பள்ளிமுனையிலுள்ள பெருக்கு மரம். ஆப்பிரிக்காவுக்கு உரிய அம்மரம், பருத்த அடியும் சிறுத்த கிளைகளுமாய், யாரோ தலைகீழாக நட்டுவைத்ததுபோல் நிற்கின்றது. அராபிய வணிகர் கொணர்ந்தது என்பர் ஊரார். தெருவில் திரியும் கழுதைகளைப் பற்றியும் அவ்வாறே கூறுவர். மாந்தைத் துறைமுகம் சிறந்திருந்த காலத்தில் மிளகும் கராம்பும் சீனத்துக் கலங்களும் வந்திறங்கிய கரை இது. கப்பலில் வந்தவர்கள் பண்டங்களை மட்டுமா கொண்டுவந்திருப்பர்? ஓய்வு நேரத்துக்கு உரியவற்றையும் உடன் கொண்டுதானே வந்திருப்பர்!

அத்தகைய பொருளொன்று நம் பாட்டிமார் வீடுகளின் மூலையில் கிடந்தது. பதினான்கு குழிகளையுடைய பல்லாங்குழிப் பலகையே அது. இந்துமாக்கடலைச் சுற்றிலும் இதற்கு உறவினர் உண்டு. ஆப்பிரிக்காவில் இதன் வகைகள் எண்ணிலடங்கா. 1890களில் ஸ்டூவர்ட் கியூலின் என்னும் அமெரிக்க ஆய்வாளர், ‘ஆப்பிரிக்காவின் தேசிய விளையாட்டு’ என்றே இதற்குப் பட்டம் சூட்டினார். அராபியர் இதனை மன்கலா என்பர். இடம் பெயர்த்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது அச்சொல். மாலைதீவில் ஒவல்ஹு, மலாய் நாட்டில் சொங்காக், பிலிப்பைன்ஸில் சுங்கா. நம் சிங்களச் சகோதரிகள் புத்தாண்டு நாளில் குன்றிமணியை இட்டு ஆடும் ஒலிந்த கெளியவும் இக்குடும்பத்ததே.

இருவர் எதிரெதிரே அமர்ந்து, குழிக்கு ஐந்தோ ஆறோ முத்துக்களை இட்டு ஆடும் ஆட்டத்தை வாசகர் பலரும் அறிவர்; பசு எடுப்பதையும், வெறுங்குழியைத் துடைத்து அடுத்ததை அள்ளுவதையும் இங்கே விளக்க வேண்டியதில்லை. (புளியங்கொட்டைக்குக்கூட முத்து என்று பெயர் சூட்டிய மொழி நம்முடையது. முத்துக்குளித்த கரையில் இருந்துகொண்டு இதனை எண்ணினால் சிரிப்பு வருகின்றது.) நாம் சொல்ல வந்தது வேறு. பல்லாங்குழியில் ஒருவர் தனியே ஆடும் ஆட்டமும் உண்டு. அதற்குச் சீதைப் பாண்டி என்று பெயர்.

அசோகவனத்திலே சிறையிருந்த சீதாபிராட்டி, நாள் கழியாமல் வருந்திய பொழுது, தனியாக அமர்ந்து ஆடினாளாம். வால்மீகியிலும் இச்செய்தி இல்லை; கம்பரிலும் இல்லை. திண்ணையிலும் அடுக்களையிலும் இருந்த பெண்கள் தாமாகச் சேர்த்துக்கொண்ட காட்சி இது. பெரும் புலவர்கள் அவளை அழவைத்தார்கள். பெண்களோ அவள் கையில் நான்கு புளியங்கொட்டைகளையாவது கொடுக்கவேண்டும் என்று எண்ணினார்கள். பத்து மாதம் தனித்திருப்பவளுக்கு எது தேவை என்பதை அவர்களன்றோ அறிவர்? பூப்பெய்திய பெண்ணை ஒதுக்கிவைத்த அறையிலும், கருவுற்றவள் இளைப்பாறிய மூலையிலும் இப்பலகையே துணையிருந்தது.

அசோகவனம் நுவரெலியாவுக்கு அண்மையில் இருந்ததென்பர். ஆயினும் அவளை மீட்க வந்தவர் கால் வைத்த கரை நம்முடையதாகவே சொல்லப்படுகின்றது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே மணல்திட்டுக்களாய்க் கிடக்கும் தொடரை இராமர் அணை என்கின்றோம். ஆதாமின் பாலம் என்பாரும் உளர். ஆகவே சீதைப் பாண்டியைப் பற்றிப் பேச மன்னாராருக்குச் சற்று உரிமை கூடுதலாக உண்டு என்று கொள்ளலாம்.

தனியாட்டத்தின் விதிகள் வீட்டுக்கு வீடு மாறும். இன்றே நீங்கள் செய்து பார்க்கத்தக்க ஒரு முறையை இங்கே கூறுகின்றோம். பலகை இல்லாவிடின் முற்றத்து மணலில் வட்டமாகப் பதினான்கு குழி தோண்டினாலும் போதும்.

இருபத்தெட்டு முத்துக்களை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த நான்கு குழிகளில் குழிக்கு 7 வீதம் இடுங்கள். இனி விதி ஒன்றே: வரிசையின் வாலில், அதாவது எல்லாவற்றுக்கும் பின்னால் உள்ள குழியை முழுவதும் அள்ளி, முன்னுள்ள குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுச் செல்லவேண்டும். முதல் முறை அள்ளி இட்டதும் 8, 8, 8, 1, 1, 1, 1 என்று ஆகும். அடுத்து 9, 9, 2, 2, 2, 2, 1, 1. மூன்றாம் முறை, வாலில் 10 குவிந்து, முன்னே மூன்றும் இரண்டும் ஒன்றுமாய்ச் சிதறிக் கிடக்கும். எல்லாம் குழம்பிவிட்டது என்றே தோன்றும். நிறுத்திவிடாதீர்கள். நான்காம் முறையில் 4, 4, 4, 4, 3, 3, 2, 2, 1, 1 என்று படிகள் தென்படத் தொடங்கும். பின்னர் 5, 5, 5, 4, 3, 2, 2, 1, 1. அதன் பின் 6, 6, 5, 4, 3, 2, 1, 1. ஏழாம் முறை அள்ளி இட்டதும் 7, 6, 5, 4, 3, 2, 1.

இப்பொழுது மேலும் ஒருமுறை அள்ளி இடுங்கள். மீண்டும் 7, 6, 5, 4, 3, 2, 1 தான்! படிக்கட்டு அப்படியே ஒரு குழி முன்னே நகர்ந்திருக்கும். இன்னும் எத்தனை முறை அள்ளினாலும் அதன் உருவம் குலையாது. பதினான்கு முறை அள்ளினால் பலகையை ஒருமுறை வலம் வந்து, புறப்பட்ட குழியிலேயே வந்து நிற்கும்.

காரணம் கடினமானதன்று. ஏழை அள்ளி முன்னுள்ள ஏழு குழிகளில் ஒவ்வொன்று இடும்போது 6 ஏழாகின்றது, 5 ஆறாகின்றது, இறுதியில் வெறுங்குழி ஒன்றாகின்றது. ஒன்று முதல் ஏழு வரை கூட்டினால் இருபத்தெட்டு. அத்தொகையில் ஒரு முத்தைக் கூட்டி 29 ஆக்கிப் பாருங்கள்: படிக்கட்டு உருவாகும், ஆனால் அந்த ஒற்றை முத்து எந்தப் படியிலும் நிலைகொள்ளாமல் படிக்குப் படி அலைந்துகொண்டே இருக்கும். அதனைப் பார்த்திருக்கும்போது ஒருவகை இரக்கமே தோன்றுகின்றது.

இதனோடு ஒத்த ஒன்றை மேல்நாட்டார் பிற்காலத்தில் கண்டனர். 1983இல் மார்ட்டின் கார்ட்னர், ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் ‘பல்கேரியத் தனியாட்டம்’ என்னும் ஒன்றைப் பற்றி எழுதினார். நாற்பத்தைந்து சீட்டுக்களை விரும்பியவாறு அடுக்குகளாக்கி, ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் ஒன்றை எடுத்துப் புதிய அடுக்கொன்று செய்யவேண்டும். இவ்வாறே திரும்பத் திரும்பச் செய்துவந்தால், எப்படித் தொடங்கினாலும் 1 முதல் 9 வரையான அடுக்குகளில் வந்து முடியும். நம் குழிகளைக் கண்ணாடியில் பார்த்தது போன்ற கணக்கு அது. நம் இருபத்தெட்டு முத்துக்களை எவ்வாறு இறங்குவரிசையில் வைத்தாலும், வரிசை தன் வாலைத் தானே தொடாத அளவுக்கு முன்னே வெறுங்குழிகள் இருப்பின், 42 முறைக்குள் படிக்கட்டு வந்தேதீரும் என்பதும் நிறுவப்பட்டுள்ளது. கணித அறிஞர்கள் இதற்குத் தாள் தாளாக எழுதினர். பாட்டிமார் எழுதவில்லை, ஆடினார்கள்.

மெழுகிய பலகையும் பளிங்குச் சோகியும் இதற்கு அவசியமல்ல. விலை கொடுத்து வாங்கும் விளையாட்டுக் கருவிகள் உடைகின்றன, தொலைகின்றன. புதியது வந்ததும் பழையது பரணுக்குப் போகின்றது. இஃதோ மணல் உள்ள இடமெல்லாம் உண்டு. சோளகக் காற்றுக் காலத்தில் வள்ளம் திரும்பும்வரை கரையை நோக்கியிருப்பவளுக்கு, இரு கையும் மனமும் சற்றே ஈடுபட ஒரு வேலை வேண்டும். கண்ணோ கடலிலிருந்து நெடுநேரம் விலகவும் கூடாது. எண்ணிக்கை தவறினால் அடுத்த அள்ளலில் தெரிந்துவிடும், திருத்திக்கொண்டு தொடரலாம். தோற்கடிக்க எதிரில் எவருமில்லை.

1914ஆம் ஆண்டு முதல் தலைமன்னார்த் துறையிலிருந்து அக்கரைக்குக் கப்பல் ஓடிற்று. 1964 டிசம்பர்ச் சூறாவளி தனுஷ்கோடியை அழித்த பின் இராமேசுவரத்துக்கு ஓடி, 1984இல் நின்றுபோயிற்று. கப்பல் நின்ற பின்னரும் மக்கள் பெருந்தொகையாகக் கடல் கடக்க நேர்ந்தது. 1990இல் போருக்கு அஞ்சிய குடும்பங்கள் சிறு வள்ளங்களில் இராமேசுவரம் சென்று மண்டபம் முகாமில் தங்கின. அவ்வாண்டு ஒக்டோபரில் தீவின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டுப் புத்தளக் கரையில் குடிசையிட்டனர். அக்கரையிலிருந்து இக்கரைக்கு யாரேனும் வருவாரா என்று சீதை காத்திருந்த கதைக்கு மாறாக, இக்கரைக்கு எப்போது திரும்புவோம் என்று அக்கரையிலே பெண்கள் காத்திருந்தார்கள். வள்ளத்தில் ஏறும்போது பலகையைத் தூக்கிச் செல்ல யாருக்குத்தான் தோன்றும்? ஆனால் மண்டபத்திலும் மணல் உண்டு, புத்தளத்திலும் உண்டு.

பிள்ளைகள் வீட்டிலிருக்கும் இந்த ஞாயிற்றுக்கிழமையில் அவர்களை முற்றத்துக்கு அழைத்துப் பதினான்கு குழி தோண்டச் சொல்லுங்கள். 7, 7, 7, 7 என்று வைத்து ஒருமுறை ஆடிக் காட்டிவிட்டு, அடுத்ததாக 10, 10, 8 என்று வைத்துக் கொடுங்கள். அது ஏழு முறையில் முடிவதன்று. எத்தனையாவது முறையில் படிக்கட்டு வருகின்றது என்பதை அவர்களே எண்ணிச் சொல்லட்டும். சோற்றுக்கு அழைக்கும்வரை உங்களுக்கும் தொந்தரவு இராது.